பத்து மணிப் பூ அழுகிய இடம்

ஆன்சி முதலில் வைத்தது புல். கொள்ளிடம் தாண்டி சமயபுரம் போகிற வழியில், ஒரு லேஅவுட்டில் கட்டிய புது வீடு அது. கிழக்குப் பக்கம் வீட்டுக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவே நிறைய காலி இடம் இருந்தது. பொட்டு நிழல் கிடையாது. செம்மண் சரளை கொட்டி நிரவிய தரை, கடப்பாரை போட்டால் கை அதிரும். போர் தண்ணீர் உப்பு. மாசி பிறந்தால் அந்த உப்புத் தண்ணீரும் ஒழுங்காக வராது. புல் வைக்கோலாகிப் போனதும் அதை அவளே வாரிக் குப்பையில் போட்டாள்.

உறையூரில் இருந்த அவள் தோழி மொட்டை மாடி முழுக்கப் பத்து மணிப் பூ வைத்திருந்தாள். அதிலிருந்து ஒரு பை நிறைய கிள்ளிக் கொடுத்தாள். "குச்சியச் செருகிட்டு மறந்துடு. நீ தண்ணி ஊத்தாம இருந்தாலே அது நல்லா வரும்" என்றாள்.

ஆன்சி அப்படித்தான் செய்தாள். வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் வேலை அவளுக்கு. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதற்கு முன் தினமும் கொஞ்ச நேரம் வெளியே குந்தி, சரளையைக் கிளறி, சாம்பலும் மணலும் கலந்து, ஒவ்வொரு குச்சியாகச் செருகினாள். கணவன் ஆசீர் சென்னையில் வேலை. சனிக்கிழமை வந்தால் திங்கட்கிழமை விடியும்போது கிளம்பிவிடுவான். மற்ற நாட்களில் வீட்டில் அவளும் மாமனார் சவரிராயனும் மட்டும்தான்.

சவரிராயன் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு. போன வருடம் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டபின் கைத்தடியோடு மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். செடி என்றால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

"வெயில்ல வாடுதும்மா. பாக்கவே பாவமா இருக்கு" என்று ஒரு நாள் குவளையோடு நின்றார்.

"மாமா, இதுக்குத் தண்ணி பட்டா அழுகிடும். தயவுசெஞ்சு ஊத்தாதீங்க."

அவர் குவளையைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டார். ஆனால் அவர் முகம் அதை ஒத்துக்கொள்ளவில்லை என்பதை ஆன்சி பார்த்தாள்.

பங்குனியில் தரை மூடிவிட்டது. ஊசி ஊசியான தடித்த இலைகள் சரளையைப் பாய் விரித்த மாதிரி மறைத்தன. வெயில் ஏற ஏற மொட்டுகள் விரிந்து, பத்து மணிக்கு ரோஸும் மஞ்சளும் ஆரஞ்சுமாக இடம் முழுக்க ஒன்றாய்த் திறந்துகொள்ளும். சாயங்காலம் மூடிக்கொள்ளும். தெருவில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். அந்த லேஅவுட்டிலேயே பச்சையாக இருந்தது அந்த ஒரு இடம்தான்.

அப்படி நின்றவர்களில் ஒருவர் வயதான மனிதர், பழைய மொபெட்டில் வந்திருந்தார். மற்றவர்கள் பூவைப் பார்த்தார்கள். அவர் சுவருக்கு மேலே எட்டித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்சி கேட்டுக்கு வந்து, "யாருங்க, என்ன வேணும்?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. எம் பேரு ரெங்கராஜ். ஸ்ரீரங்கத்துல இருக்கேன். இதெல்லாம் எங்க கொல்லைதான், லேஅவுட்டுக்குக் கொடுத்துட்டோம். இந்தப் பக்கம் வந்தா ஒரு நடை பாத்துட்டுப் போவேன்." சற்றுத் தயங்கினார். "இந்தக் கெழக்குப் பக்கம் கட்டடம் ஏதும் கட்டப் போறீங்களா?"

"இல்லீங்க. செடி மட்டும்தான்."

"நல்லது. செடியே இருக்கட்டும்" என்றார். உள்ளே வந்து தண்ணீர் குடியுங்கள் என்று அவள் சொன்னதற்கு வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு மொபெட்டைத் திருப்பிக்கொண்டு போனார். நடுவில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்ததை ஆன்சி கவனித்தாள். விற்ற நிலத்தின் மேல் ஆசை போகவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

சித்திரையில் நடு இடத்தில் செடிகள் சாக ஆரம்பித்தன.

முதலில் நாலைந்து தண்டுகள் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டால் கூழாகப் பிசுபிசுத்தன. அவற்றைப் பிடுங்கிப் புதுக்குச்சி வைத்தாள். அதுவும் வேர் பிடிப்பதற்குள் அழுகியது. பிறகு பக்கத்தில் இருந்தவையும் அழுகின. மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. கத்திரி வெயிலில் தெருவில் தார் இளகிக்கொண்டிருந்தது. அந்த இடத்து மண்ணை மட்டும் விரலால் கிளறினால் உள்ளே ஈரம். ஒரு மத்தியானம் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் அதன் மேல் நின்று பார்த்தாள். சுற்றிலும் தரை காலைச் சுட்டது. அங்கே மட்டும் குளிர்ச்சியாக இருந்தது. எறும்புகூட அந்தப் பக்கம் காணவில்லை. மூடிய அறையைத் திறந்தால் வருகிற மாதிரி ஒரு வாடை லேசாக வந்தது.

"மாமா, தண்ணி ஊத்துனீங்களா?"

"நான் ஏன் ஊத்துறேன்? நீதான் வேண்டாம்னியே."

"நடுவுல மட்டும் ஈரமா இருக்கு."

"பைப்பு எங்கயாச்சும் ஒழுகும். ஆளக் கூப்ட்டுப் பாரு."

பிளம்பர் வந்து பார்த்தார். அந்தப் பக்கம் குழாயே போகவில்லை, கழிவுநீர்த் தொட்டியும் வீட்டுக்குப் பின்னால் மேற்கில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஆன்சிக்குச் சந்தேகப்பட வேறு ஆள் இல்லை. அவள் வேலையில் மூழ்கியிருக்கும்போது அவர் வெளியே போகிற தடிச் சத்தம் கேட்கத்தான் செய்தது.

அன்றைக்கு ஆசீரிடம் போனில் பேசும்போது சொல்லிவிட்டாள். "உங்கப்பா பொய் சொல்றாருங்க. செடி செத்துட்டா பரவாயில்ல, எம் மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்றாரு. அதான் எனக்குத் தாங்கல."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சவரிராயன் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். அன்று முதல் சாப்பாட்டுத் தட்டை அவரே போய் வாங்கிக்கொண்டு அறையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அடுத்த நாள் காலை நீல பிளாஸ்டிக் நாற்காலியைத் தடியால் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய், அழுகிப்போன இடத்துக்கு நடுவே போட்டு உட்கார்ந்தார்.

ஆன்சி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "மாமா, ஏன் வெயில்ல?"

"யாரு தண்ணி ஊத்துறாங்கன்னு பாக்கலாம்னு" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

அவள் ஜன்னலை விட்டு நகர்ந்துபோய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். உள்ளே வந்து உட்காரச் சொல்லியிருக்கலாம். ரோஷமாக இருந்தது அவளுக்கும். தினமும் அவர் அங்கேயே உட்கார்ந்து பேப்பர் படித்தார். நாற்காலியின் கால்கள் மண்ணில் இறங்கின. ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஓட்டுச் சில்லு வைத்தார். அந்தச் சில்லுகளும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயின.

வைகாசியில் ஒரு சாயங்காலம் கோடை மழை இறங்கியது. மறுநாள் காலையில் ஆன்சி துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனாள். மழையில் குளித்த செடிகள் பளிச்சென்று இருந்தன. கொடியில் கிளிப்பைப் போட்டுக்கொண்டே கீழே பார்த்தவள் அப்படியே நின்றாள்.

கீழே இருந்து பார்க்கும்போது அது ஏதோ ஒரு திட்டு மாதிரிதான் தெரிந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் அது வட்டம். காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி, ஓரம் பிசிறில்லாத பெரிய வட்டம். வட்டத்துக்குள் மண் கறுத்து, நடுவில் மழைத்தண்ணீர் தட்டு போலத் தேங்கியிருந்தது. குவளையால் ஊற்றுகிற எந்த மனிதனாலும் அப்படி ஒரு வட்டம் போட முடியாது.

அவர் ஊற்றவில்லை என்பது அவளுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. வேறு என்ன என்பது தெரியவில்லை. சுவருக்கு மேல் எட்டிப் பார்த்த அந்த மனிதரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

அடுத்த தெருவில் இருந்த நஸ்ருல்லா தன் மனையை ரெங்கராஜ் மூலமாகத்தான் வாங்கியிருந்தார். அவரிடம் நம்பர் வாங்கிப் பேசினாள். ரெங்கராஜ் அவள் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. "போன்ல வேண்டாம்மா. நேர்ல வாங்க, சொல்றேன்" என்று அடையவளஞ்சான் தெருவில் ஒரு அடையாளம் சொன்னார்.

கிளம்பும்போது சவரிராயன் இன்னும் அறையிலேயே இருந்தார். கதவு சாத்தியிருந்தது. தட்டி மன்னிப்புக் கேட்கலாமா என்று நின்றாள். வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று ஸ்கூட்டியை எடுத்தாள்.

ரெங்கராஜின் வீடு மூன்றாம் மாடியில் சின்ன ஃபிளாட். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். ஆன்சி செல்போனில் மாடியிலிருந்து எடுத்த படத்தைக் காட்டினாள். அவர் அதை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கிணறும்மா" என்றார்.

"என்னது?"

"எங்க பெரிய கிணறு. கல்லுக் கட்டின கிணறு. எந்தக் கோடையிலயும் வத்துனதில்ல. லேஅவுட் போட்டவங்க அது பூங்காவுக்குன்னு விடுற எடத்துல வருதுன்னுதான் சொன்னாங்க. அப்புறம் பிளான மாத்தி மனையாப் பிரிச்சு வித்துட்டாங்க. எனக்கு அது தெரியும்போது உங்க வீடு ரூஃப் போட்டாச்சு."

"மூடிட்டாங்கதானே? மண்ணு போட்டு நெரப்பிட்டாங்கதானே?"

ரெங்கராஜ் போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "நெரப்பலம்மா. அத நெரப்ப எவ்வளவு மண்ணு வேணும். வாய்க்குக் குறுக்கால பனங்கட்டையப் பரப்பி, மேல தகரத்தப் போட்டு, சரளையத் தள்ளிட்டாங்க. அப்புறமா நெரப்பிடுவோம்னாங்க. பத்து வருஷமாச்சு. கட்டை மக்கி, தகரம் துருப்பிடிச்சு, கிணத்து ஈரம் மேல ஏறியிருக்கும்."

"அன்னிக்கு வந்தப்பவே ஏன் சொல்லல?"

"செடிதானே வெச்சிருக்கீங்கன்னு..." என்று ஆரம்பித்தார்.

ஆன்சி ஏற்கனவே மாமனாரின் நம்பரை அழுத்தியிருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடி போட்டாள். அவள் பெயரைப் பார்த்தால் அவர் இப்போதெல்லாம் எடுப்பதில்லை. நஸ்ருல்லாவைக் கூப்பிட்டாள். அவர் சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் தன் கடையில் இருந்தார், மனைவி உறையூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். "நான் இப்பவே கெளம்புறேன்மா" என்றார். அவரைவிட அவள்தான் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

படியிறங்கியது அவளுக்கு நினைவில் இல்லை. கொள்ளிடம் பாலத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் வண்டிகள் ஊர்ந்தன. ஹாரன் அடித்துப் பயனில்லை. ஆற்றில் மணல் மேடுகளுக்கு மேலே வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. பத்து மணி தாண்டிவிட்டது, பூ விரிந்திருக்கும், அவர் பேப்பரோடு போய் உட்கார்ந்திருப்பார் என்று மனம் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. நான் பேசின பேச்சுதான் அவரை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது. மாதாவே, நாற்காலி காலியாக இருக்கட்டும்.

நாற்காலி காலியாக இல்லை.

அவர் கேட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். முட்டியில் பேப்பர். சுற்றிலும் பூக்கள் முழுசாகத் திறந்திருந்தன. நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, பின்கால்கள் பாதி மண்ணுக்குள். ஸ்கூட்டியை ஸ்டாண்டு போடக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது. சுவரில் சாய்த்துவிட்டு, செடிகள் செழிப்பாக இருந்த ஓரம் வரை வந்து நின்றாள்.

"மாமா. எழுந்திரிக்காதீங்க. அசையாம இருங்க."

"இப்ப உக்காரவும் கூடாதா?"

"மாமா, நான் சொன்னது தப்பு. நீங்க தண்ணி ஊத்தல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு." குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். "உங்களுக்குக் கீழ கிணறு இருக்கு. மூடாத கிணறு. மேல வெறும் பனங்கட்டைதான் போட்டிருக்காங்களாம்."

அவர் பேப்பர் மடியிலிருந்து நழுவியது. பிறகு மெதுவாகத் தடியைத் தன் பக்கத்தில் தரையில் ஊன்றி அழுத்தினார். தடி இறங்கியது. கைப்பிடி வரை இறங்கியது. அவர் விரலை விட்டதும் அது உள்ளே போய்விட்டது. மண்ணில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. அடியில் விழுந்த சத்தம் வர நேரமானது. வந்தபோது அது தண்ணீர்ச் சத்தமாக இருந்தது.

சவரிராயனின் கழுத்து வியர்த்துவிட்டது. இழுத்துக்கொண்ட இடது காலை ஊன்றி அவரால் எழுந்து நடக்க முடியாது. எழுந்தால் முழு எடையும் ஒரே இடத்தில் இறங்கும்.

"ஏணி இருக்குல்ல" என்றார் தாழ்ந்த குரலில். "தண்ணித் தொட்டி கழுவுறது. அதக் கொண்டாந்து படுக்கப் போடு. நீ மேல ஏறாத."

அலுமினிய ஏணியை அவள் இழுத்து வந்து, பூக்களின் மேலேயே தள்ளி, அதன் நுனியை நாற்காலிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். மறுமுனை வட்டத்துக்கு வெளியே கெட்டிச் சரளையில் இருந்தது. அதன் மேல் தன் எடை முழுவதையும் போட்டு மண்டியிட்டாள். அவர் நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் சரிந்து ஏணியின் மேல் குப்புறப் படுத்தார். ஏணி முனகி வளைந்தது. கைகளால் ஒவ்வொரு படியாகப் பிடித்து உடம்பை இழுத்தார். இடது கால் பின்னால் சும்மா வந்தது. நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். அவர் வயிற்றுக்கு அடியில் மண் கொத்தாகக் கழன்று உள்ளே உதிர்வது இருவருக்கும் கேட்டது.

"பாக்காதீங்க மாமா. என்னையப் பாருங்க."

அவர் அவளைப் பார்த்தார். கை எட்டியதும் சட்டையையும் தோளையும் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். இருவரும் வீட்டுச் சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்தார்கள். அவர் முகத்திலும் மூக்கிலும் மண். சட்டைப் பொத்தானில் ஒரு மஞ்சள் பூ சிக்கியிருந்தது. அவர் அவள் கையை விடாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

நஸ்ருல்லா வந்து சேர்ந்தபோதும் நாற்காலி அங்கேயே இருந்தது. மத்தியானம் மழை தொடங்கியது. தீயணைப்பு ஆட்கள் வந்து கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போதே வட்டம் இறங்கியது. பெரிய ஓசை எதுவும் இல்லை. யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. நாற்காலி, ஏணி, கறுத்த மண், ஓரத்துப் பூச்செடிகள் எல்லாம் ஒன்றாகப் போயின. பழைய கல்லுக்கட்டு வெளியே வந்து மழையில் நனைந்தது. அந்த வாடை தெரு வரை வீசியது.

கிணற்றை நிரப்ப வெகுநாள் ஆயிற்று. லேஅவுட் போட்டவர்களின் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஆசீர் லீவு போட்டுவந்து, லாரி லாரியாகக் கல்லும் மண்ணும் கொட்டவைத்தான். சவரிராயன் மறுபடி கூடத்தில் உட்கார்ந்து அவர்களோடு சாப்பிட்டார். கிழக்குப் பக்கக் கதவை ஆன்சி தாழ்ப்பாள் போட்டே வைத்தாள்.

கடைசி லாரி போன அன்று ரெங்கராஜ் வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். சவரிராயன்தான் அவரைப் பார்த்து, "உள்ள வாங்க" என்றார். அவர் வரவில்லை.

"மனசு கேக்கல, அதான் வந்தேன்" என்றார். "மூணு இருந்துச்சுங்க. உங்களோடது பெருசு. மத்த ரெண்டும் சின்னது, ஆனா ஆழம்."

"எங்க?" என்றாள் ஆன்சி.

"அதான் தெரியல. ஒண்ணு புளியமரத்துக்குத் தெக்க இருந்துச்சு. இன்னொண்ணு மோட்டார் ரூமுக்கு எதுக்க. மரத்த வெட்டியாச்சு, ரூம இடிச்சாச்சு. ரோடு வேற போட்டுட்டாங்க. நாலஞ்சு நாளா இந்தத் தெருவெல்லாம் நடந்து பாத்துட்டேன். எல்லா எடமும் ஒரே மாதிரி இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை லேஅவுட்டில் குடியிருப்பவர்கள் கூடினார்கள். ஆன்சி சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள். வெளியே இதைப் பேச வேண்டாம், மனையை விற்க முடியாமல் போய்விடும் என்று ஒருவர் சொன்னார். பலர் தலையாட்டினார்கள். அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போகும்போது எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்ததை அவள் கவனித்தாள்.

மறுநாள் காலையில் நஸ்ருல்லா மட்டும் வந்தார். அவர் முகம் சரியாக இல்லை. "கொஞ்சம் வந்து பாக்குறீங்களா? சார் நீங்களும் வாங்க" என்றார்.

அவர் வீட்டு போர்ட்டிகோவில் புது டைல்ஸ் போட்டிருந்தது. நடுவில் ஒரு விரிசல், மெல்லிய கோடு. அது நேராகப் போகவில்லை, வளைந்து போனது. காரின் முன் சக்கரத்துக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கமாக வெளியே வந்து மேலும் வளைந்தது. உள்ளே அவர் மனைவி சமைத்துக்கொண்டிருந்தாள். குக்கர் விசில் சத்தம் கேட்டது.

ஆன்சி கேட்டுக்கு வெளியே தெருவிலேயே நின்றுவிட்டாள். சவரிராயன் புதுத் தடியை முன்னால் நீட்டி, ஊன்றாமல், அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல வீட்டுல எல்லாரையும் பின்பக்கமா வெளிய வரச் சொல்லுங்க" என்றார்.

"சொல்லிடுறேன்." நஸ்ருல்லா காரையே பார்த்துக்கொண்டு நின்றார். "இத என்ன செய்யட்டும் சார்? ஏறி எடுத்து வெளிய விடவா? இல்ல தொடாம அப்படியே விட்டுடவா?"

சவரிராயன் ஆன்சியைப் பார்த்தார். அவளுக்கும் தெரியவில்லை.